மூன்று முறை மாற்றிய சிவப்பு வயர்

ஈயம் உருகும்போது எழும் புகை உனக்குப் பிடிக்கும். வாய் மட்டும் பிடிக்காது என்றுதான் சொல்லும். மூக்கைப் பொத்திக்கொண்டு, "பூசாரி ஆரம்பிச்சிட்டான்லா, தட்ட எடுத்துக்கிட்டு வாங்க" என்று கத்திவிட்டு, புகை வரும் பக்கமாகத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாய். ஈயத்தோடு சேர்ந்து எரியும் அந்தப் பிசின், சாம்பிராணிக்கு ஒன்றுவிட்ட தம்பி, வாசனை அப்படி. இன்று காலை பீடோங்கில் என் வீட்டுப் பின்னறையில் இரும்பைச் சூடாக்கி, முனையில் முதல் சொட்டு ஈயத்தை வைத்ததும் புகை கிளம்பியது. வழக்கம்போல வாயால் ஊதி உன் பக்கம் தள்ளினேன். தள்ளிய பிறகுதான் அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பது உறைத்தது.

மேசையில் உன்னுடையதைப் போலவே ஒரு வெள்ளை டிவி கேம் பெட்டி. பெண்டாங்கில் நெல் ஆலையில் வேலை செய்யும் மலாய்க்காரர் ஒருவர் கொண்டுவந்திருந்தார். படம் தெளிவாகத் தெரிய வேறு யாரோ அதற்கு வயர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நான் மூடியைக் கழற்றப் போகும்போது, அவர், அண்ணன் என்பதற்கு அவர்கள் சொல்லும் பாங் போட்டு, மலாயில் சாதாரணமாகச் சொன்னார்: "படத்துல கோடு தெரியுது பாங்." நான் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன்.

நீயும் அதைத்தான் சொன்னாய். நீ சொன்னபோது நான் வயரை மாற்றினேன். மறுபடி சொன்னாய், மறுபடி மாற்றினேன். மூன்றாவது தடவையும் மாற்றினேன். கோடு வயரில் இல்லை, உன் கண்ணுக்குள் இருந்தது. சர்க்கரை வியாதியில் உன் கண்ணுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்த ஆறு மாதமும், நான் உன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஈயம் உருக்கிக்கொண்டிருந்தேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இதை எழுதினால் நீ படிக்கப் போவதில்லை, அது எனக்குத் தெரியும். இருந்தால்கூட உன்னால் படித்திருக்க முடியாது, அதுவும் தெரியும். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அந்தப் பெட்டியை நீ கொண்டுவந்த நாளை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அலோர் ஸ்டாரில் பாசார் காராட் என்ற பழைய சாமான் சந்தையில், பழைய இரும்பும் பீங்கானும் விற்கும் கூட்டத்தில் பொறுக்கி எடுத்திருக்கிறாய். நீ ஓட்டும் ஐஸ் லோரியின் முன் இருக்கையில், துண்டால் சுற்றி, பெல்ட் வேறு போட்டு உட்கார வைத்திருந்தாய். கோலா கெடா மீன் சந்தைக்கு ஐஸ் இறக்கிவிட்டு நேராக வந்திருந்ததால், உன் கால்சட்டை முட்டி வரை ஈரம், மேலெல்லாம் மீன் வாடை. "ஒனக்கு ஒரு நோயாளி கொண்டாந்திருக்கேன் மச்சான்" என்றாய். யார் நோயாளி என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் மனைவி போட்டுக் கொடுத்த டீயை, "எனக்கு தே கொசோங்தான் தங்கச்சி, சீனி ஆவாது" என்று பெரிய விரதக்காரன்போல வாங்கிக் குடித்துவிட்டு, தட்டில் இருந்த தேங்காய்ப்பால் குவே பலகாரத்தில் மூன்றை விழுங்கினாய்.

அதன் திருகுகள் வேறு மாதிரி. நம் கடைகளில் அந்தத் திருப்புளி கிடைக்காது. பிளாஸ்டிக் பேனாவின் பின்பக்கத்தை லைட்டரில் இளக்கி, திருகின் தலையில் அழுத்தி, ஆறிய பிறகு திருகினால் அதுவே திருப்புளி. அதை நீதான் செய்தாய், கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டு என்னை ஏசினாய். பெட்டி திறந்ததும் எட்டிப் பார்த்து, "இதுல எங்கடா ஒனக்கு வேல?" என்றாய்.

உனக்குச் சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. உள்ளே இருக்கும் படச் சில்லு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்தையும் தனித்தனியாகத்தான் தயாரிக்கிறது. பிறகு மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து, ஒரே மஞ்சள் வயரில் டிவிக்கு அனுப்பிவிடுகிறது. டிவி அதைப் பிரித்தெடுக்கப் பாடுபடுகிறது. பிசைந்த சோற்றிலிருந்து பருப்பைத் தனியாக, ரசத்தைத் தனியாக எடுக்க முடியுமா? அதனால்தான் எழுத்தின் ஓரம் கசிகிறது, சின்னப் புள்ளிகள் பின்புறத்தில் கரைந்துபோகின்றன. நான் செய்வது, பிசைவதற்கு முன்பே சில்லின் காலிலிருந்து மூன்றையும் மூன்று வயரில் வாங்கிக்கொள்வது. நடுவில் தபால்தலை அளவுக்கு ஒரு சர்க்யூட் பலகை, நிறங்களுக்கு வலுவூட்ட. நான்காவதாக ஒரு வயர், ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்க வேண்டும் என்று டிவிக்குத் தாளம் போட. பின்புறம் ஒரு துளை, அதில் ஒரு சாக்கெட். அவ்வளவுதான்.

"அப்ப இத்தன வருசமா பெசஞ்ச சோத்தத்தான் தின்னுக்கிட்டு இருந்தோமா?" என்றாய்.

டார்ச் பிடிப்பதை நீயாகவே எடுத்துக்கொண்டாய். முடியைவிடக் கொஞ்சம் பருமனான வயரை சில்லின் காலில் நான் வைக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாய். ஒட்டி முடித்ததும், "கை நடுங்கல பூசாரிக்கு" என்று ஒரு சான்றிதழ். அந்தப் படத்தைப் பார்க்க சாதாரண டிவி உதவாது. மூன்று நிறத்துக்கும் மூன்று துளை உள்ள மானிட்டர் வேண்டும். என்னிடம் இரண்டு இருந்தன, இரண்டும் ஏதோ ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்டவை. வயிற்றுக்குள் கேமராவை விட்டு டாக்டர்கள் பார்க்கும் மானிட்டர். அதைச் சொன்னதும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "டாக்டருங்க பாத்த டிவிலா இது! இதுல தெரியாதது ஒண்ணு ஒலகத்துல இருக்குமா?"

இருந்தது. ஆனால் அன்று இல்லை. அன்று நீ அந்த விமான விளையாட்டின் கேசட்டைச் சொருகினாய். சின்ன வெள்ளை விமானம், எதிரிகள் பொழியும் சின்ன வெள்ளைக் குண்டுகள். எஸ்டேட் வீட்டில் உங்கள் பழைய டிவியில் நாம் சின்னப் பையன்களாக அதை விளையாடிய காலத்தில் நான்காவது கட்டத்தைத் தாண்டியதே கிடையாது. மேகத்துக்குள் குண்டு கரைந்துவிடும். இப்போது ஒவ்வொரு குண்டும் தனியாக, வட்டமாக வந்தது. நான்காம் கட்டம் வந்தது, தாண்டினாய், ஐந்தில் செத்தாய். பொத்தான் வைத்த விளையாட்டுக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "குண்டு தெரியுதுடா" என்றாய். அதற்கு மேல் எந்தப் பாராட்டும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. சின்ன மானிட்டரை உனக்கே தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து உன் குரல் ஒலிப்பதிவாக வந்தது. அதை நான் இன்னும் அழிக்கவில்லை. "மச்சான், படத்துல கறுப்பு நூலு மாதிரி ஒண்ணு வருது. மேலேர்ந்து கீழ எறங்குது. என்னான்னு பாக்கப் போனா நழுவிக்கிட்டு ஓடுது. வயரு கோளாறு போலருக்கு, வந்து பாருலா."

பார்க்கப் போனால் நழுவி ஓடுகிறது! திரையில் இருக்கும் கோடு, நீ பார்த்தால் ஏன் ஓட வேண்டும்? அது உன் பார்வைக்குப் பயப்படுமா? சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலையில் இருபது வருடம் பழுது பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்த ஒரு வார்த்தை போதும், புரிந்திருக்க வேண்டும். எனக்குப் புரிந்தது வேறு. இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் தலைவலியாக ஒன்று உண்டு: படத்தில் மேலிருந்து கீழாக மங்கலாய் வரிசைக் கோடுகள் விழும். சிறைக்கம்பி என்று எங்களுக்குள் சொல்வோம். பக்கத்தில் ஓடும் வேறு ஏதாவது மின்சாரம் நிற வயருக்குள் புகுந்துவிட்டால் அப்படி வரும். நீ நூல் என்றதும் நான் கம்பி என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த ஞாயிறே உன் ஊரான யானுக்கு வந்தேன். உன் வீட்டு முன்கூடத்தில் மானிட்டரை வைத்து, மூக்கு முட்டும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தேன். அப்போது நான் சொன்னதுதான் இன்றைக்கும் என்னை அறைகிறது. "ஆமாடா, இருக்கு. லேசா இருக்கு" என்றேன். சத்தியமாக நான் பார்த்தேன். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இருக்கும் நோய் அது: கோடு இருக்கிறது என்று யாராவது சொன்னால், தேடு தேடென்று தேடி, இல்லாத இடத்திலும் ஒன்றைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டான். நான் பார்த்தேன் என்றதும் உன் முகம் எப்படித் தெளிந்தது! "பாத்தியா, நான் சொல்லல?" என்று உன் மனைவியிடம் திரும்பினாய். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பிடுங்கிவிட்டு, மேலே உறை போட்ட வயரை ஓட்டினேன். நூல் இரண்டு வாரம் வரவில்லை என்று நீ சொன்னாய். கசிந்த ரத்தம் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டபோது சொன்னார்கள். அன்றைக்கு அது என் வேலைத்திறமை.

அடுத்தது சிவப்புப் புகை. "படம் முழுக்க செவப்பா ஒரு பொக மச்சான், நெல்லுத் தாளு எரிக்கிறாப்புல." அறுவடை முடிந்து வயலில் தாள் எரிக்கும் காலம்தான் அது, ஜெராய் மலைக்குக் கீழே யான் முழுக்கப் புகை மூட்டம். நீ அதையும் ஒரு காரணமாகச் சொன்னாய். நான் இன்னும் பெரிய புத்திசாலி: சிவப்பு அதிகமாக இருக்கிறதென்றால் சிவப்பு வயரில்தானே கோளாறு? சிவப்பின் பாதையில் இருந்த மின்தடையை மாற்றினேன். பலகையை மாற்றினேன். சிவப்பு வயரை மறுபடி புதிதாக ஓட்டினேன்.

உன் மனைவி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை நான் தங்கச்சி என்று கூப்பிடத் தொடங்கிய நாளிலிருந்துதான் நீ எனக்கு மச்சான். அவள் அதிகம் பேசமாட்டாள். அன்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் தெரிலயேண்ணே. படம் நல்லாத்தான இருக்கு? செவப்பு எங்க இருக்கு?"

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? உனக்கு நினைவிருக்கும். "அதெல்லாம் ஒடனே தெரியாதும்மா. கண்ணு பழகணும்." நீயும் சேர்ந்து சிரித்தாய். அவள் உள்ளே போய்விட்டாள். அந்த வீட்டில் சரியாகப் பார்த்த ஒரே ஆள் அவள். பழகாத கண் என்று நான் அவள் வாயை அடைத்துவிட்டேன்.

மூன்றாவது முறை நான் வந்தபோது மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வாசலில் நின்றுகொண்டிருந்தாய். என் மோட்டார் சத்தம் கேட்டுத் திரும்பினாய், ஆனால் நான் ஹெல்மெட்டைக் கழற்றி இரண்டு வார்த்தை பேசும்வரை கை காட்டவில்லை. பிறகு வயல் பக்கம் பார்த்து, "மலை தெரிலயேடா. இன்னும் மழ பெய்யுதா அங்க?" என்றாய். நான் திரும்பிப் பார்த்தேன். ஜெராய் பளிச்சென்று நின்றது. உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம்கூடத் தெரிந்தது. "கண்ணாடி போடுடா கெழவா" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தேன். கேலிதான். நாற்பத்தைந்து வயதில் எல்லோருக்கும் சொல்கிற கேலி. அப்படியே உன் கையைப் பிடித்து மோட்டாரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம். அரை மணி நேரப் பாதை.

அன்றும் சிவப்பு வயரை மாற்றினேன். மாற்றி முடித்ததும் நீ உட்கார்ந்து விளையாடினாய், முதல் கட்டத்திலேயே செத்தாய். மறுபடி தொடங்கினாய், மறுபடி அங்கேயே. "கை பழக்கம் போச்சி" என்று கட்டையை வைத்தாய். பிறகு, "பரவால்ல மச்சான், இப்ப கொஞ்சம் தேவல" என்றாய். நான் சாமான்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மூன்று வாரம் கழித்து உன் லோரி வாய்க்காலில் இறங்கியது. யானிலிருந்து கோலா கெடாவுக்குப் போகும் அந்த நேரான பாதையில், வளைவுகூட இல்லாத இடத்தில். யாருக்கும் அடியில்லை, அதுவரை புண்ணியம். நான் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் கட்டிகள் ரோட்டோரத்தில் உருகி, தண்ணீர் வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நீ கரையில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கிட்டே வந்து நின்றேன். நிமிர்ந்து, "யாரு?" என்றாய். என்னைப் பார்த்துக் கேட்டாய்.

அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உன் கண்ணுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். டார்ச் பிடித்தது எப்போதும் நீ. அன்று வெளிச்சம் உன் பக்கம் இருந்தது. வலது கண் அநேகமாகப் போய்விட்டது, இடதில் கொஞ்சம் மிச்சம் என்றார். கறுப்பு நூல், சிவப்புப் புகை என்று ஏதாவது தெரிந்ததா என்று அவராகவே கேட்டார். நூல் என்ற வார்த்தையையே சொன்னார். "ஆறு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா லேசர் போட்டு நிறுத்தியிருக்கலாம்" என்றார். திட்டவில்லை. தினமும் பத்துப் பேரிடம் சொல்கிற குரலில் சொன்னார். இடது கண்ணுக்கு லேசர் போட்டார்கள், ஊசி போட்டார்கள். வருடக் கடைசிக்குள் அதுவும் மங்கியது.

நீ என்னைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கேலிதான். "கண்ணு கெட்டப்பொறவு சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்க. எனக்கு சூரியன் எந்தப் பக்கம்னே தெரில, நமஸ்காரத்த எங்க போடுறது?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தண்ணீர் குடிப்பதுபோல் எழுந்து போனேன்.

பிறகு சிறுநீரகம். வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய உன்னைக் கூட்டிப் போனார்கள். ஞாயிறுகளில் நான் வருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ, "பொட்டிய மாட்டுலா" என்றாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட, நீ திரையின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாய். சத்தத்தை வைத்தே எந்த இடம் என்று சொன்னாய். "இப்ப மேகம் வரும். எடது பக்கம் ஒதுங்கு." ஒதுங்கினேன். "குண்டு எங்க?" "வலது மேல ரெண்டு, நடுவுல ஒண்ணு." "எறங்கு, எறங்கு." நான்காம் கட்டத்தைத் தாண்டினோம். உன் நெற்றியில் வியர்வை. துண்டால் அதைத் துடைத்துக்கொண்டே கேட்டாய்.

"நூலு இருக்கா?"

"இல்லடா."

"செவப்பு?"

"இல்ல. சுத்தமா இருக்கு."

"அப்ப வேல முடிஞ்சிருச்சி" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாய். நான் கட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிரிகள் வந்து என் விமானத்தைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள், நான் நகர்த்தவில்லை.

நீ போன பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, தங்கச்சி அந்தப் பெட்டியை, நீ சுற்றிக் கொண்டுவந்த அதே துண்டில் சுற்றி, என் கையில் கொடுத்தாள். நான் வாங்கவில்லை. வாங்க முடியவில்லை. "எம்மேல கோவம் இல்லையாம்மா? நீ அன்னிக்கே சொன்ன. நாந்தான் கேக்கல" என்றேன். அவள் துண்டின் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

"அவருக்குத் தெரியும்ண்ணே" என்றாள்.

முதல் தடவை நான் வயரை மாற்றிவிட்டுப் போன அன்றைக்கே நீ அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறாய். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறாய். பிறகு மற்றக் கண்ணை. ஒரு கண்ணில் நூல் இருந்தது, மற்றதில் இல்லை. வயரில் கோளாறு என்றால் இரண்டு கண்ணுக்கும்தானே தெரிய வேண்டும்? இருபது வருடம் பழுது பார்த்தவனுக்குத் தோன்றாத சோதனை, லோரிக்காரனுக்குத் தோன்றியிருக்கிறது. அவள் டாக்டரிடம் போகலாம் என்று அழுதிருக்கிறாள். லைசென்ஸ் புதுப்பிக்கும் மாதம் வருகிறது, கண்ணைப் பற்றி எங்காவது எழுதிவிட்டால் லோரி போய்விடும் என்று நீ வாயை மூடச் சொல்லியிருக்கிறாய். பிறகு நீ சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்: "அவன் வயரப் புடுங்கிக்கிட்டு இருக்குற வரைக்கும் இது வயரு கோளாறுதான். விடு, அவன் பாக்கட்டும்."

உன் மேல் எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபமில்லை. படுபாவி, என்னை வைத்து ஏமாற்றியிருக்கிறாய்! மூன்று ஞாயிறும் நான் அவ்வளவு தூரம் வந்து குனிந்து உட்கார்ந்திருக்கிறேன், நீ டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாம் தெரிந்தும் பூசாரி பூசாரி என்று கேலி செய்திருக்கிறாய். கடைசியில் பெட்டியை வாங்கி மோட்டாரில் கட்டிக்கொண்டு, யானிலிருந்து பீடோங் வரும்வரை உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தியபோது திட்டு தீர்ந்துபோயிருந்தது. ஏனென்றால், மச்சான், நானும் உன்னிடம் ஒன்றை மறைத்தேன்.

அந்த மூன்றாவது ஞாயிறு. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ஸ்கோப் ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன், மின்சாரத்தை அலையாக வரைந்து காட்டும் கருவி. நீ டீ போடச் சொல்ல உள்ளே போனாய். அந்த நேரத்தில் சிவப்பு வயரில் அதை வைத்துப் பார்த்தேன். அலை துல்லியமாக இருந்தது. பச்சையில் வைத்தேன், நீலத்தில் வைத்தேன், தாள வயரில் வைத்தேன். எல்லாம் சுத்தம். கோளாறு பெட்டியில் இல்லை, மானிட்டரில் இல்லை. அதற்குப் பிறகு என்ன மிச்சம் இருக்கிறது? பார்க்கிற ஆள்தான் மிச்சம். அந்த நினைப்பு எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். மலை தெரியவில்லை என்று அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் சொல்லியிருந்தாய். நீ சுவரைத் தொட்டுக்கொண்டு திரும்பி வரும் சத்தம் கேட்டது. நான் ஸ்கோப்பை அணைத்துப் பைக்குள் போட்டேன். நன்றாக இருந்த சிவப்பு வயரை வெட்டி எடுத்துவிட்டு, புதிய வயரை ஒட்டத் தொடங்கினேன்.

ஏன் செய்தேன் என்று இந்த ஒரு வருடமாக யோசிக்கிறேன். எனக்குக் கை வந்த வேலை அது ஒன்றுதான். கண்ணை எனக்கு ஒட்டத் தெரியாது. உன் கண் போகிறது என்று வாயால் சொல்லிவிட்டால் அதன் பிறகு நான் என்ன செய்வேன்? வயர் என்றால் வெட்டலாம், ஒட்டலாம், அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லலாம். நீயும் அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டாய் போலிருக்கிறது. இரண்டு பேரும் தெரிந்துகொண்டே ஒரு நல்ல வயரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அதைச் சொல்லும் தைரியம் நம் இருவரில் ஒருவனுக்கு இருந்திருந்தால் போதும்.

இன்று காலை பெண்டாங்காரரைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தேன். படத்தைப் போட்டேன். "ஒரு கண்ணை மூடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வயர் போடுகிறவனா, மந்திரிக்கிறவனா என்று நினைத்திருப்பார். மூடினார். "கோடு இருக்கா?" "இருக்கு." "இப்ப மத்தக் கண்ண." "இருக்கு பாங், அதே எடத்துல." "அத உத்துப் பாருங்க. நகருதா?" "நகரல." எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. அது வயர்க் கோளாறு! உண்மையான, அருமையான வயர்க் கோளாறு. திறந்து பார்த்தால், தாள வயர் நிற வயர்களோடு ஒட்டி ஓடியிருந்தது. பிரித்துத் தள்ளி ஓட்டினேன். பத்து நிமிட வேலை. அவர் போகும்போது, சர்க்கரை இருக்கிறதா, கண் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று என்றெல்லாம் கேட்டுவைத்தேன். இப்போது யார் வந்தாலும் கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டு பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

அவர் கிளம்பியதும் உன் பெட்டியைத் துண்டிலிருந்து எடுத்தேன். நீ போனதற்குப் பிறகு இன்றுதான் முதல் தடவை. மூடியைத் திறந்து, நான் கடைசியாக ஒட்டிய சிவப்பு வயரைப் பார்த்தேன். அழகாக ஒட்டியிருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். டாக்டர் டிவியில் மாட்டி, உன் விமானத்தைப் பறக்கவிட்டேன். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். உன் நூலை அந்தத் திரை முழுக்கத் தேடினேன். தேடினால் ஒரு கோடாவது கிடைக்கும் எனக்கு, எப்போதும் கிடைத்திருக்கிறது.

இல்லை மச்சான். படம் சுத்தமாக இருக்கிறது. இரும்பு சூடாகத்தான் இருக்கிறது, ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை.